ஏரிக்கு அரசு நிதி: கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், பி பிளாக் குடியிருப்பாளரும் முன்னாள் பொருளாளருமான உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இதில் சொல்லப்பட்டுள்ள தீர்மானங்கள் அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருவதால், வர இயலாதவர்களும் படித்துவிட்டு வரவேண்டும் என்று முழுமையாக வெளியிடுகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் நேரத்தில், இத்தனை பேர் கிளப் ஹவுசுக்கு வந்ததற்கு முதலில் நன்றி. செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுழைவாயில் மேசையில் ஒரு மனு இருக்கிறது. நம் வளாகத்தின் பின்னால் உள்ள ஏரியைச் சீரமைக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று மாநகராட்சிக்கு எழுதிய மனு. உங்களில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். நான் இன்னும் போடவில்லை. ஏரி மேல் அக்கறை இல்லாமல் அல்ல. ஏன் போடவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன்.

மனுவில் நான்கு கோரிக்கைகள் இருக்கின்றன. தூர்வார வேண்டும். கரையைப் பலப்படுத்த வேண்டும். நடைபாதை வேண்டும். விளக்கு வேண்டும். நான்கும் நியாயமானவைதான். ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஏரியைப் பற்றி வரும் புகார் எது? நாற்றம், கொசு, ஆகாயத்தாமரை, போன வருடம் முதல் மழைக்கு மறுநாள் செத்து மிதந்த மீன்கள். நான்குமே தண்ணீர் கெட்டுப்போனதால் வருபவை. மனுவில் தண்ணீரின் தரத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

கேட்டது கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அழகான நடைபாதையில், நல்ல வெளிச்சத்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்போம்.

பணம் எங்கெங்கே இருக்கிறது

முதலில் ஒரு நல்ல செய்தி. ஏரிக்குப் பணமே கிடையாது என்று நினைக்க வேண்டாம். பல கணக்குகளில் இருக்கிறது. ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்தால்தான் சரியான கதவைத் தட்ட முடியும்.

மத்திய அரசு 2001-ல் தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் அதில் இடம்பெற்றவை. 2013-ல் அதையும் சதுப்புநிலத் திட்டத்தையும் ஒன்றாக்கி, நீர்வாழ் சூழல் அமைப்புகளைப் பாதுகாக்கும் தேசியத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. தண்ணீரின் தரத்தையே நேரடியாக நோக்கமாகக் கொண்ட திட்டம் இதுதான். ஏரிக்குள் வரும் கழிவுநீரை இடைமறித்து, திருப்பி, சுத்திகரிப்பது இதன் முதல் வேலை. ஆனால் தேர்ந்தெடுத்த சில ஏரிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2017-ல் வந்த சதுப்புநில விதிகள், பாசனத்துக்கென்று மனிதர்கள் கட்டிய நீர்நிலைகளைத் தம் வரம்பிலிருந்து விலக்கிவிட்டன. நம் ஏரி கரையும் மதகும் கலங்கலும் வைத்துக் கட்டிய பாசன ஏரி. ஆயக்கட்டு முழுவதும் இன்று பிளாட்டாகிவிட்டது. ஆனாலும் காகிதத்தில் அது பாசன ஏரிதான். ஆகவே அந்த விதியின் பாதுகாப்பை நாம் நம்பியிருக்க முடியாது.

நகரங்களுக்கு அம்ருத் 2.0 இருக்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கிய இந்தத் திட்டம் 2025-26 வரை ஐந்தாண்டுகளுக்கு என்று வகுக்கப்பட்டது. மொத்த மதிப்பு 2,99,000 கோடி ரூபாய்; அதில் மத்தியப் பங்கு 76,760 கோடி. குடிநீர், பாதாளச் சாக்கடையோடு நீர்நிலைகளுக்கு உயிரூட்டுவதும் இதில் ஒரு பிரிவு. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரமாக இருந்தால் பணியின் மதிப்பில் 25 சதவீதம் மத்திய அரசு தரும். 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் கீழே பாதி. மீதியை மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும். சங்கம் நேராக விண்ணப்பிக்க முடியாது. மாநகராட்சி தன் நீர்த் திட்டத்தில் நம் ஏரியைச் சேர்த்து, மாநிலத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும். நம் மனு போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

அம்ரித் சரோவர் என்ற பெயரைச் சிலர் சொன்னீர்கள். 2022 ஏப்ரல் 24-ல் தொடங்கியது. மாவட்டத்துக்கு 75 குளங்கள். அது பெரும்பாலும் கிராமங்களுக்கானது. அதற்கென்று தனி நிதியும் கிடையாது. நூறு நாள் வேலை, நிதிக்குழு மானியம் போன்ற மற்ற கணக்குகளிலிருந்து எடுத்துச் செய்வது. 15-வது நிதிக்குழு மானியத்தில் ஒரு பெரும் பகுதியைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. கழிவுநீர் வேலைக்கு உள்ளாட்சிகள் அதைப் பயன்படுத்தலாம்.

மாநில அரசின் குடிமராமத்து 2016-17-ல் தொடங்கியது. பாசன ஏரிகளைத் தூர்வாரி, மதகையும் கலங்கலையும் பழுது பார்ப்பது அதன் வேலை. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். நீர்நிலைப் பணியும் அதில் உண்டு. இவை தவிர நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சென்னைப் புறநகரில் சில ஏரிகளுக்கு இந்தப் பணம் வந்திருக்கிறது.

ஏரி யாருடையது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் ஆயக்கட்டு இருந்த ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கும். சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம் இருந்தவை. ஊர் நகரமானபோது உள்ளாட்சியிடம் வந்திருக்கும். கரை ஒரு துறை, வடிகால் ஒரு துறை, பாதாளச் சாக்கடை இன்னொரு துறை. மனுவை ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் மற்றவரைக் கை காட்டுவார்.

பணம் எதை வாங்கித் தருகிறது

மேலே சொன்ன பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். குடிமராமத்து, அம்ரித் சரோவர் இரண்டும் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதைப் பார்ப்பவை. எப்படிப்பட்ட தண்ணீர் என்பதை அல்ல. பாசனக் காலத்தில் அது சரி. அன்று ஏரிக்கு வந்தது மழைநீர், ஆழப்படுத்தினால் போதும். இன்று நம் ஏரிக்குக் கோடையிலும் தண்ணீர் வருகிறது. மழை இல்லாத மே மாதத்தில் வரத்துக் கால்வாயில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தரத்துக்குப் பணம் தரும் திட்டங்களிலும், பணம் சுலபமாகப் போவது கண்ணுக்குத் தெரியும் வேலைக்குத்தான். நடைபாதைக்கு அளவெடுத்து, டெண்டர் விட்டு, ஆறு மாதத்தில் திறப்பு விழா நடத்தலாம். கழிவுநீர்க் குழாயைத் தேடிப் பிடித்து அடைப்பது அப்படியல்ல. தெருத் தெருவாகப் போக வேண்டும், வீட்டுக்காரர்களோடு சண்டை போட வேண்டும், முடிந்த பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. அதிகாரிகளை மட்டும் குறை சொல்ல வேண்டாம். நாமும் நடைபாதையைத்தானே கேட்டிருக்கிறோம்?

தண்ணீர் எப்படிக் கெடுகிறது

கழிவுநீரில் இரண்டு விஷயங்கள் ஏரியைக் கெடுக்கின்றன. முதலாவது, அழுகும் பொருள். அதை நுண்ணுயிர்கள் தின்னும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்ற அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறார்கள். குளிக்கத் தகுந்த நீருக்கு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்படி, லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் பி.ஓ.டி. இருக்கக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மீன் வளர்ப்புக்கு ஆக்சிஜன் 4. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. சாதாரணமாக 200-க்கு மேல். முதல் மழையில் வடிகாலில் தேங்கிய சேறு முழுவதும் ஒரே இரவில் ஏரிக்குள் வருகிறது. இருக்கும் ஆக்சிஜனை அது தின்றுவிடுகிறது. விடியும்போது மீன் செத்து மிதக்கிறது. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று அன்று பேசிக்கொண்டோம். விஷம் தேவையே இல்லை.

இரண்டாவது, பாஸ்பரஸ். நம் கழிவிலும் சில சோப்புத் தூள்களிலும் இருப்பது. பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் இது உரம். ஒரு கிராம் பாஸ்பரஸ் சுமார் நூறு கிராம் உலர் எடைப் பாசியை வளர்க்கும். ஆகாயத்தாமரை சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். பொக்லைன் வைத்து வாரினாலும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இதுதான் பதில். செடியை எடுக்கிறோம், உரத்தை நிறுத்தவில்லை.

தூர்வாரினால் சரியாகாதா என்று கேட்கலாம். ஓரளவு ஆகும். அடிச் சேற்றில் பல வருடப் பாஸ்பரஸ் தங்கியிருக்கிறது. அடியில் ஆக்சிஜன் இல்லாதபோது அது மீண்டும் தண்ணீருக்குள் கரைந்து வரும். அதனால் சேற்றை எடுப்பது நல்லது. ஆனால் வரத்தை அடைக்காமல் சேற்றை மட்டும் எடுத்தால், குழாயை மூடாமல் தரையைத் துடைத்த கதைதான்.

நம் வீட்டுக் கணக்கு

நம் வளாகத்தில் 200 வீடுகள். வீட்டுக்கு 4 பேர் என்றால் 800 பேர். நகரங்களுக்கான வழிகாட்டுதல்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும். பெருக்கினால் 86,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் தினமும் ஏழு லாரிக்கு மேல்.

இந்தக் கழிவுநீருக்காகத்தான் பேஸ்மென்ட்டில் எஸ்.டி.பி. இருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். நம் வளாகம் அந்த அளவுக்கு மேல். எஸ்.டி.பி.யை ஓட்டுவோம் என்று சொல்லித்தான் அந்த அனுமதியே கிடைத்தது.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

நான் பொருளாளராக இருந்த வருடம், பொது மின்கட்டணம் ஏறுகிறது, மெயின்டனன்ஸ் சார்ஜைக் கூட்டக் கூடாது என்று எல்லோரும் கேட்டீர்கள். எங்கே குறைக்கலாம் என்று பார்த்தோம். எஸ்.டி.பி.யின் புளோயரை இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை நிறுத்தலாம் என்று கமிட்டி முடிவெடுத்தது. இரவில் யார் பாத்ரூம் போகிறார்கள் என்று நான்தான் சொன்னேன். மினிட்ஸில் என் கையெழுத்து இருக்கிறது. கூட்டத்தில் கை தட்டினீர்கள்.

புளோயர் என்ன செய்கிறது என்று எனக்கு அன்று தெரியாது. தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று கொடுப்பது அதுதான். பத்து மணி நேரம் காற்றை நிறுத்தினால் அவை சாகத் தொடங்கும், தொட்டி நாறும். காலை 6 மணிக்கு 200 வீட்டிலும் குழாய் திறக்கும்போது, அதைச் சுத்தம் செய்ய அங்கே ஆள் இல்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் பின்புறச் சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே நுரை, கீழே கருப்பு. பக்கத்து வளாகம் என்று நினைத்து, திட்டிக்கொண்டே, வடிகாலை ஒட்டி மேல்பக்கமாக நடந்தேன். அது நம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வந்து நின்றது. எஸ்.டி.பி.யின் சேகரிப்புத் தொட்டி நிரம்பினால் வழிவதற்காகக் கட்டும்போதே வைத்த ஒரு குழாய். அவசரத்துக்கு என்று வைத்தது. தினமும் காலையில் அது வழிந்துகொண்டிருந்தது.

அந்த வடிகால் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

மின்சாரத்தில் எவ்வளவு மிச்சப்படுத்தினோம் என்றும் கணக்குப் போட்டேன். 7.5 ஹெச்.பி. புளோயர், சுமார் 5.6 கிலோவாட். பத்து மணி நேரத்துக்கு 56 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 448 ரூபாய், மாதத்துக்கு 13,440 ரூபாய். 200 வீட்டுக்குப் பிரித்தால், வீட்டுக்கு மாதம் 67 ரூபாய். அதற்காக ஏரிக்குள் கழிவுநீரை விட்டிருக்கிறோம். அதே ஏரியிலிருந்து ஊறும் நீர்தான் நம் போர்வெல்லுக்கு வருகிறது. கோடையில் லாரித் தண்ணீருக்கு நாம் கொடுக்கும் தொகையோடு இந்த 67 ரூபாயை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள்

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டி வாஷிங்டன் ஏரி என்று ஒன்று இருக்கிறது. 1950-களில் சுற்றியிருந்த ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாம் அதில்தான் நீரை விட்டன. சுத்திகரித்த நீர்தான், ஆனால் பாஸ்பரஸ் அப்படியே இருந்தது. பாசி மண்டியது. 1964-ல் தண்ணீருக்குள் 30 அங்குலம் வரைதான் கண்ணுக்குத் தெரிந்தது. எட்மண்ட்சன் என்ற பேராசிரியர், வரத்தை நிறுத்தினால் ஏரி தானாகத் தெளியும் என்று சொன்னார். 1958-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு கழிவுநீர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். முதல் வாக்கெடுப்பு தோற்றது. அதே வருடம் மறுபடி நடத்தி ஜெயித்தார்கள். 1963-லிருந்து 1968-க்குள் கழிவுநீர் முழுவதையும் ஏரியிலிருந்து திருப்பினார்கள். சுமார் 14 கோடி டாலர் செலவு. 1968-லேயே 10 அடி வரை தெரிந்தது. ஏரிக்குள் மருந்து எதுவும் போடவில்லை. வரத்தை நிறுத்தியதுதான் வைத்தியம்.

அதே நாட்டில், 1972-ம் ஆண்டு தூய நீர்ச் சட்டத்தின் 314-வது பிரிவில், தூய ஏரிகள் திட்டம் என்று ஒன்று வந்தது. 1976 முதல் சுமார் 14.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்கு. முதல் கட்டத்தில் ஏரி ஏன் கெட்டது என்று ஆய்வு. இரண்டாம் கட்டத்தில் வேலை. மூன்றாம் கட்டத்தில், செய்த வேலை பலித்ததா என்று மறு ஆய்வு. டாக்டரிடம் போவது போலத்தான். பரிசோதனை, மருந்து, மறுபடி பரிசோதனை. 1990-களின் நடுவில் அந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவது நின்றுவிட்டது. இதையும் நினைவில் வையுங்கள். எந்த அரசுத் திட்டத்துக்கும் ஒரு முடிவு தேதி உண்டு. நம் கழிவுநீருக்கு முடிவு தேதி கிடையாது.

பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமானால் பெங்களூரு ஜக்கூர் ஏரி. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர், ஒரு சதுப்புநிலத்தின் வழியாகச் சென்று ஏரியில் சேர்கிறது. கோரையும் நாணலும் மிச்சமிருக்கும் உரத்தை எடுத்துக்கொள்கின்றன. நம் சிட்லப்பாக்கத்தில், 2019 கோடையில் குடியிருப்போர் தாங்களே மண்வெட்டியோடு ஏரியில் இறங்கினார்கள். அந்த வருடமே அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. முதலில் தங்கள் கையை அழுக்காக்கிக்கொண்டவர்கள் கேட்கும்போது குரலுக்கு வேறு மதிப்பு இருக்கிறது.

நான் கேட்பது

மனுவைத் திருத்தி எழுதுவோம். அதில் ஐந்து கோரிக்கைகள் இருக்கட்டும்.

ஒன்று: எந்த வேலைக்கும் முன்னால், மழை இல்லாத நாளில் ஏரிக்குள் நீர் விடும் ஒவ்வொரு குழாயையும் வாய்க்காலையும் எண்ணி, வரைபடத்தில் குறித்து, எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும்.

இரண்டு: நிதியில் முதல் செலவு அந்தக் கழிவுநீரை இடைமறித்துச் சுத்திகரிப்பதற்கு. அதன் பிறகு தூர்வாருதல். அதன் பிறகு நடைபாதை.

மூன்று: வேலைக்கு முன்னும், முடிந்த பிறகு மூன்று வருடத்துக்கும் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி., பாஸ்பரஸ், அம்மோனியா, மலக் கோலிஃபார்ம் ஆகிய ஐந்தும், வரத்து, நடு ஏரி, கலங்கல் ஆகிய மூன்று இடத்திலும். முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

நான்கு: பராமரிப்புச் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். கட்டிவிட்டுப் போனால் இரண்டு வருடத்தில் பழையபடி ஆகிவிடும்.

ஐந்து: நடைபாதை, பூங்கா என்ற பெயரில் ஏரியின் நீர்ப்பரப்பு ஒரு சதுர அடி கூடக் குறையக் கூடாது. முதலில் எல்லைக்கல் நட வேண்டும்.

இதில் முதல் கோரிக்கையைப் படித்ததும் கமிட்டியில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "சார், குழாயை எண்ணச் சொன்னால் முதல் குழாயே நம்முடையதாக இருக்குமே" என்றார். உண்மை. நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணமும் அதுதான். நம் குழாயை வைத்துக்கொண்டு அந்த வரியை எழுத முடியாது. அந்த வரி இல்லாத மனுவில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே மனுவுக்கு முன்னால் நமக்கே மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். புளோயர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். அதற்காக வீட்டுக்கு மாதம் 67 ரூபாய் கூடுதல். வழிந்தோடும் குழாயை நிரந்தரமாக அடைத்து, அவசரத்துக்கு ஒரு மாற்று புளோயரும் பம்பும் வாங்க வேண்டும். எஸ்.டி.பி.யிலிருந்து வரும் நீரை மாதம் ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்து, முடிவை லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். நல்ல முடிவு வந்தாலும், கெட்ட முடிவு வந்தாலும்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

"மேலே எத்தனையோ வளாகம் இருக்கிறது. நாம் ஒருவர் நிறுத்தினால் ஏரி சுத்தமாகிவிடுமா?"

ஆகாது. ஆனால் நாம் நிறுத்தாமல் அவர்களிடம் போய்க் கேட்க முடியாது. நம் மூன்று மாதப் பரிசோதனை முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு, மேல்பக்கச் சங்கங்களை ஒரு கூட்டத்துக்கு அழைக்கலாம். ஐந்தாறு சங்கங்கள் சேர்ந்து கொடுக்கும் மனுவின் எடையே வேறு.

"பாதாளச் சாக்கடை வரப்போகிறது. அதற்குள் எஸ்.டி.பி.க்கு ஏன் செலவு?"

வரும்போது வரட்டும். அதுவரை தினமும் 86,400 லிட்டர் எங்கே போவது? அதோடு, ஒழுங்காகச் சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கும் ஃபிளஷுக்கும் விட்டால் லாரி எண்ணிக்கை குறையும்.

"நாமே குற்றத்தை ஒப்புக்கொண்டால் வாரியம் நோட்டீஸ் கொடுக்காதா?"

1974-ம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி நீர்நிலையில் மாசு விடுவது இப்போதும் குற்றம்தான். நாம் பேசாமல் இருந்தால் அது குற்றமில்லை என்று ஆகிவிடாது. சரிசெய்துவிட்டு, சரிசெய்ததற்கான ரசீதோடு நிற்பதுதான் பாதுகாப்பு.

"மாநகராட்சி ஏற்கெனவே திட்ட அறிக்கை தயாரித்துவிட்டதா?"

அதைக் கேட்டுப் பார்க்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். தொகையை மட்டும் கேட்காதீர்கள். கழிவுநீரைத் திருப்ப எவ்வளவு, நடைபாதைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சி பிளாக்கைச் சேர்ந்த இருவர் இந்த வேலையை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"நடைபாதை வேண்டாம் என்கிறீர்களா?"

எனக்கு வயது 68. முட்டி வலி. நடைபாதை முதலில் எனக்குத்தான் வேண்டும். ஆனால் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நடக்கும்படி வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களும் வாக்கெடுப்புக்கு வருகின்றன. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நிற்பேன். விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். அந்தக் குழாயிலிருந்து ஏரி வரை ஏழு நிமிட நடை. பிள்ளைகளையும் அழைத்து வரலாம். ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.

இரவில் புளோயரை நிறுத்திய மினிட்ஸில் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். திருத்திய மனுவில் அடுத்த கையெழுத்தைப் போட ஆசைப்படுகிறேன்.